மலைக்குள் அனுப்பிய மழை

நீர்க்கணி வந்த பிறகு தெற்கே எந்த ஊரும் தாகத்தில் தவித்ததில்லை. முப்பத்தாறு செயற்கைக்கோள்கள் மண்ணுக்கு அடியில் இருபது அடிவரை உள்ள ஈரத்தை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தன. அவை பார்த்ததை வைத்து, ஓர் ஊரில் இன்னும் எத்தனை ஆண்டுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று நீர்க்கணி என்ற அந்தக் கணினி சொல்லிவிடும். அந்த எண்ணுக்கு நீராயுள் என்று பெயர். நீராயுள் மூன்றுக்குக் கீழே இறங்கினால், கிணறு வற்றிப் பிள்ளைகள் சுருண்டு விழும் நாள்வரை நீர் வாரியம் காத்திருக்காது. முன்கூட்டியே வண்டிகளை அனுப்பி ஊரையே வேறிடத்தில் குடியமர்த்திவிடும்.

இதில் திலகேஸ்வரிக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. நீர்க்கணிக்கு முந்தைய கடைசிக் கோடையில், குட்டையில் மிஞ்சிய கலங்கல் தண்ணீரைக் குடித்து அவளுடைய தம்பி இறந்துபோனான். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. வாரியம் இரண்டு ஆண்டு முன்னதாக வந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நினைத்தபடியேதான் அவள் படித்தாள், அதே வாரியத்தில் களச் சரிபார்ப்பு அதிகாரியாகவும் சேர்ந்தாள். நீர்க்கணி சொன்னதை நேரில் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

அவளுக்கு முப்பத்து நான்கு வயதானபோது, எழுவரை மலையில் இருந்த தூவக்காடு பட்டியலில் வந்தது. நாற்பத்து மூன்று வீடுகள், நூற்றுத் தொண்ணூறு பேர். நீராயுள் பூஜ்யம் புள்ளி நான்கு.

வைகாசி மாதம் ஒரு காலையில் அவள் மலையேறினாள். ஏரி இல்லை, குளம் இல்லை, மேல்நிலைத் தொட்டி இல்லை. பாறைச் சரிவில் வீடுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தையும் தாண்டிச் சிதறிக் கிடந்தன. ஊரின் முறைக்காரி அவளை எதிர்கொண்டாள். எந்த வேலையை எந்த வீடு எப்போது செய்வது என்று முறை வைப்பவள் முறைக்காரி. அவள் பெயர் செங்கமலம். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது கண்ணை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"உங்களுக்குத் தண்ணி எவ்வளவு இருக்குக்கா?" என்று திலகேஸ்வரி கேட்டாள்.

"எங்களுக்கு வேணுங்கற அளவு இருக்குதுங்க."

"எங்க சேமிச்சு வெச்சிருக்கீங்க?"

"வெச்சுக்கறதில்லைங்க. மழை வந்தா மலைக்குக் குடுத்துருவோம். அது பாட்டுக்குக் கீழ ஆத்துக்கு…"

"ஆறு கீழ இருக்குக்கா. நான் கேக்கறது மேல இருக்கறதை."

செங்கமலம் அவளை ஒரு கணம் பார்த்தாள். "மேல ஒரு சுனை இருக்குதுங்க. வாங்க, காட்டறேன்."

குளிக்கும் தொட்டி அளவுக்கு ஒரு சுனை. திலகேஸ்வரி அதை அளந்தாள். அன்று மாலைக்குள் அவள் இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டியிருந்தது. படிவத்தில், வீடுகள் தூரம் தூரமாக உள்ளன, சேமிப்பு இல்லை என்று எழுதினாள். மலைக்குக் கொடுப்பது என்பதை ஏதோ சாமிக்குச் செய்வது என்று எடுத்துக்கொண்டாள். தூவக்காடு 'நீரற்ற குடியிருப்பு' ஆனது.

ஆனி மாதம் வண்டிகள் வந்தன. யாரும் கல்லெறியவில்லை, குறுக்கே படுக்கவில்லை. கிளம்ப இரண்டு நாள் கேட்டார்கள். அந்த இரண்டு நாளும் ஊரே பாறைச் சரிவுகளில் பரவி, கல்வரிசைகளின் ஓரமாக இருந்த குழிகளில் சேறு அள்ளியது. விட்டுப் போகும் ஊரை இவர்கள் ஏன் துப்புரவு செய்கிறார்கள் என்று திலகேஸ்வரிக்கு விளங்கவில்லை. கடைசி வண்டியில் ஏறியபோது செங்கமலத்தின் நகக்கண்ணில் ஈரமண் இருந்தது.

அவர்களுக்குத் திருமணியூரில் வீடு கிடைத்தது. மலையடிவாரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், பதினொரு மாடிக் கட்டடம். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். முப்பதாயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊருக்குத் தண்ணீர் சேராற்றிலிருந்து வந்தது. எழுவரை மலையின் அடிவாரத்தில் பால்சுனை என்ற ஊற்றில் பிறக்கும் ஆறு அது.

ஐப்பசி மழை அந்த ஆண்டு முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகப் பெய்தது. மூன்றாவது மழையன்று செங்கமலத்தின் கணவர் மாதையனும் இன்னும் இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாமல் மலையேறினார்கள். காவல் ட்ரோன் பார்த்துவிட்டது. அதற்கு மறைந்து, வழக்கமான தடத்தை விட்டுப் போனபோது மாதையன் சறுக்கி விழுந்தார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் திலகேஸ்வரி அவரைப் பார்க்கப் போனாள். "எதுக்குண்ணா போனீங்க? அங்க இப்ப என்ன இருக்கு?"

"மழை பேஞ்சா போகணும்," என்றார் மாதையன். வலி மருந்தின் மயக்கத்தில் குரல் இழுத்தது. "நாங்க மூணு பேரு போயி என்னாகும்? ஆனா எல்லாரும் போகாம இருந்துட்டோம்னு ஆகிடக்கூடாதில்லையா?"

அவளுக்கு அப்போதும் புரியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவளை விடவில்லை.

மாசி மாதம் சேராறு வரவில்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்குனியில் ஆற்றுமணல் சுட்டது. திருமணியூரில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர், பிறகு நான்கு நாளைக்கு ஒருமுறை. வெளியூரிலிருந்து லாரிகள் வந்தன. அந்த வரிசைகளில் தூவக்காட்டுப் பெண்களும் பிளாஸ்டிக் குடங்களோடு நின்றார்கள். ஒருமுறை திலகேஸ்வரி அதைப் பார்த்தாள். நீர்க்கணி திருமணியூருக்குத் தந்திருந்த நீராயுள் அறுபது. அது ஒரே மாதத்தில் இரண்டானது. நீர்க்கணியின் வாழ்நாளில் அப்படி ஒரு பிழை பதிவானதே இல்லை.

மழை பொய்த்திருந்தால் காரணம் சொல்லிவிடலாம். மழை பொய்க்கவில்லை. பெய்தது எல்லாம் வெள்ளமாகச் சரிந்து, ஐப்பசியிலேயே ஒரு பாலத்தை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போயிருந்தது.

பால்சுனையின் இருபது ஆண்டு ஓட்டத்தை அவள் ஒரு பகல் முழுக்கத் திரையில் விரித்துப் பார்த்தாள். நீர்க்கணியின் ஏட்டில் அது 'இயற்கை ஊற்று' என்று இருந்தது. ஆனால் கோடு இயற்கையாக இல்லை. மழை நின்று சரியாக நான்கு மாதம் கழித்து ஓட்டம் கூடும். சாய்வாகக் கூடாமல், யாரோ கதவைத் திறந்தது போல் ஒரே நாளில் படியாக ஏறும். ஐப்பசியில் ஆறு மழை என்றால் மாசியில் ஆறு படி. ஒவ்வோர் ஆண்டும் அப்படியே. போன ஐப்பசிக்கு மட்டும் படியே இல்லை.

அவள் எழுந்து நேராகப் பதினொரு மாடிக் கட்டடத்துக்குப் போனாள். ஆறாவது மாடி. செங்கமலம் கதவைத் திறந்தாள். உள்ளே மாதையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மலையில நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

செங்கமலம் உள்ளே வரச் சொன்னாள். உட்கார இடம் காட்டினாள். பிறகுதான் பேசினாள்.

"எங்க மலை மொட்டைப் பாறைங்க. மழை பேஞ்சா அரைமணி நேரத்துல எல்லாம் வழிஞ்சு ஓடிரும். அதைக் கல்வரி போட்டுத் திருப்பிக் குழியில தேக்குவோம். குழிக்கு அடியில பாறை வெடிச்சு ஒரு சந்து இருக்கும். வாய்னு சொல்லுவோம். அதை ஒரு கல்லு வெச்சு அடைச்சிருப்போம். சேறு அடங்கித் தண்ணி தெளிஞ்சதும் கல்லை எடுத்துருவோம். மலை உள்ள இழுத்துக்கும்."

"சேறோட விட்டா?"

"வாய் அடைச்சுக்கும். அப்புறம் அந்த வாயி செத்த மாதிரி. தெளியறதுக்கு முன்னாடியும் எடுக்கக்கூடாது, தெளிஞ்சப்புறம் விட்டும் வெக்கக்கூடாது. அடுத்த மழை வந்து குழியை ஒடைச்சிரும். அதனால மழை விட்டதும் ஆளு அங்க நிக்கணும்."

"எத்தனை வாய்?"

"வீட்டுக்குப் பதினாலு. அறுநூத்தி ரெண்டு."

"அந்தத் தண்ணி நாலு மாசம் கழிச்சுப் பால்சுனையில வருது."

"ஆமாங்க."

"அது உங்களுக்கு இல்ல. இந்த ஊருக்கு வர்றது."

"கீழ இருக்கறவங்களுக்குத்தானுங்க. எங்களுக்கு அந்தச் சுனையே போதும்."

"ஏன்க்கா அன்னைக்கே இதைச் சொல்லல?"

செங்கமலத்தின் முகம் முதல்முறையாகச் சிவந்தது. "சொல்ல வந்தேன் அம்மணி. எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு கேட்டீங்க. எவ்வளவு அனுப்பறீங்கன்னு நீங்களும் கேக்கல, உங்க எந்திரமும் கேக்கல."

மாதையன் கட்டிலிலிருந்து, "விடு புள்ள," என்றார்.

"எதுக்கு விடணும்? உங்க காலு போயிருக்குது."

திலகேஸ்வரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தம்பியின் நினைவு வந்தது. யாரும் தாகத்தில் சாகக்கூடாது என்றுதான் அவள் கையெழுத்துப் போட்டாள். அதே கையெழுத்து ஓர் ஆற்றை நிறுத்திவிட்டது. "தப்பு என் மேலதான்க்கா," என்றாள்.

செங்கமலம் உள்ளே போய் அரைத் தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான்கு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். "குடிங்க. குடிச்சுட்டு என்ன பண்ணலாம்னு சொல்லுங்க."

வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஆனந்தரங்கம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மூன்று மாநாடுகளில் நீர்க்கணிக்காகப் பரிசு வாங்கியவர் அவர்.

"நம்பறேன்," என்றார். "கோடு பொய் சொல்லாது. ஆனா இதுக்கு எதுக்கு நூத்தித்தொண்ணூறு பேரை மறுபடி மேல ஏத்தணும்? பள்ளிக்கூடம் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. இடத்தைக் காட்டச் சொல்லுங்க. எந்திரங்கள் சேறு அள்ளும், தெளிவை அளக்கும், கல்லை எடுக்கும்."

காட்டமாட்டார்கள் என்றுதான் திலகேஸ்வரி நினைத்தாள். ஆனால் செங்கமலம் வீட்டுக்கு ஒருவராக நாற்பத்து மூன்று பேரோடு வாரிய அலுவலகத்துக்கு வந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து, பெரிய திரையில் இருந்த மலையின் மேல் அறுநூற்று இரண்டு வாய்களையும் ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாய்க்கும் பெயர் இருந்தது. எது எவ்வளவு நேரத்தில் தெளியும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"இதைச் சொல்லிட்டா உங்களை வேண்டாம்னு சொல்லிருவாங்களேக்கா," என்றாள் திலகேஸ்வரி மெதுவாக.

"ஊரு தாகத்துல கெடக்குது அம்மணி. இதைப் போயி மறைச்சு வெக்கறதா?"

ஆனந்தரங்கம் நீர்க்கணியிடம் கணக்கைக் கொடுத்தார். மழை விட்ட பிறகு, எல்லா வாய்க்கும் தெளியும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வழுக்கும் பாறை, அடித்துப்போன தடம், எந்திரங்கள் பறக்க முடியாத மலைக்காற்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்திரங்களை நிறுத்தி வைக்க எத்தனை கொட்டகை தேவை? எங்கே?

நீர்க்கணி ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. நாற்பத்தைந்து புள்ளிகள் திரையில் வந்தன. புள்ளிகளுக்கு அடியில் மங்கலாக இருந்த செயற்கைக்கோள் படத்தை ஓர் இளைய பொறியாளர் வெளிச்சமாக்கினார். நாற்பத்தொரு புள்ளிகள், காலியாகக் கிடந்த தூவக்காட்டு வீடுகளின் கூரை மேலேயே விழுந்திருந்தன.

"வீடெல்லாம் தூரம் தூரமா இருக்குதுன்னு அன்னைக்கு எழுதிக்கிட்டீங்களே," என்றாள் செங்கமலம் திலகேஸ்வரியிடம். "இதுக்குத்தானுங்க."

ஆனந்தரங்கம் திரைக்கு அருகே போனார். "மீதி நாலு புள்ளி? அந்த நாலு இடத்துல உங்க வீடு இல்லையே?"

செங்கமலம் எழுந்து வந்து பார்த்தாள். ஒரு பார்வைதான். "அங்கெல்லாம் பாறை உருளும்ங்க. எங்க ஆளுங்க அந்தக் காலத்துல அங்கயும் கட்டி இருந்தாங்க. ரெண்டு குடும்பம் நசுங்கிப் போச்சு. அப்புறம் இங்கயும் இங்கயும் ரெண்டு வீடு தள்ளிக் கட்டினாங்க. கொஞ்சம் ஓடணும். ஆனா உயிரோட இருக்கலாம்."

நாற்பத்தொன்றும் இரண்டும் நாற்பத்து மூன்று. ஆனந்தரங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"இதுக்கு ஆறு மணி நேரம் ஆச்சும்மா," என்றார். "உங்களுக்கு இந்தக் கணக்கைப் போட எவ்வளவு காலம் ஆச்சு?"

"தெரியலைங்க. நாங்க இன்னும் போட்டுக்கிட்டேதான் இருக்கோம்."

வைகாசி முடிவதற்குள் தூவக்காட்டுக்காரர்கள் மலையேறினார்கள். செங்கமலம் இரண்டு கேட்டாள். ஏட்டில் ஊர்ப்பெயருக்கு முன்னால் இருந்த 'நீரற்ற குடியிருப்பு' என்ற இரண்டு சொல்லை அழிக்க வேண்டும். மழைக்காலத்தில் மலையிலேயே தங்கும் ஒரு நர்ஸும் ஒரு வாத்தியாரும் வேண்டும். ஆனந்தரங்கம் முதலாவதைத் தானே உட்கார்ந்து அழித்தார். இரண்டாவதற்கு நான்கு மாதம் ஆயிற்று.

மாதையனால் ஏற முடியவில்லை. அவர் அடிவாரத்தில் பால்சுனைக்குப் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டார். ஊர் மேலேயிருந்து அனுப்புவது கீழே வந்து சேர்ந்ததா என்று பார்க்க இதுவரை யாரும் இருந்ததில்லை, இனி நான் இருக்கிறேன் என்றார்.

நாற்பது வாய்கள் செத்திருந்தன. மீதியைத் தூர் எடுத்தார்கள். அந்த ஆண்டு ஐப்பசியில் ஏழு மழை பெய்தது. ஒவ்வொரு மழை விட்டதும் நாற்பத்து மூன்று வீடுகளிலிருந்தும் ஆட்கள் ஓடினார்கள். ஒருமுறை திலகேஸ்வரியும் கூட ஓடினாள். இடுப்பளவுக் குழியின் ஓரத்தில், தண்ணீர் தெளிவதைப் பார்த்தபடி நின்றாள். செங்கமலம் கையை உள்ளே விட்டாள். "என் நகம் தெரியுதா?" "தெரியுதுக்கா." "அப்ப எடுக்கலாம்." கல் வந்தது. மலை ஒரு பெரிய மிடறு விழுங்கும் சத்தம் கேட்டது.

பிறகு நான்கு மாதம் காத்திருந்தார்கள். திருமணியூர் லாரித் தண்ணீரில் காத்திருந்தது.

மாசி பிறந்து ஒன்பதாம் நாள், காலை ஏழு மணிக்கு மாதையன் போன் செய்தார். செங்கமலமும் திலகேஸ்வரியும் கல்வரி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

"வந்துருச்சு," என்றார்.

"தெளிவா இருக்குதா?"

"பார்த்தா என் மூஞ்சி தெரியுது. சத்தம் கேக்குதா உனக்கு?"

செங்கமலம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு திலகேஸ்வரியிடம் கொடுத்தாள். "ஐப்பசி எட்டாந்தேதி விட்ட தண்ணி அது," என்றாள். "வடக்குச் சரிவுல ராமாயி வீட்டு முறை. ராமாயிகிட்டச் சொல்லணும்." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் நடந்தாள்.

பங்குனியில் திலகேஸ்வரி நீர்க்கணிக்குள் ஒரு புதிய கேள்வியைச் சேர்த்தாள். ஓர் ஊரில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதோடு, அந்த ஊர் எவ்வளவு நீரை அனுப்புகிறது என்பதையும் இனி அது பார்க்க வேண்டும். படிப்படியாக ஏறும் ஊற்றுகளைத் தேடச் சொல்லி அதை இயக்கினாள்.

பட்டியல் வந்தது. தெற்கு மலைகளில் இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்கள், அவற்றின் கீழே ஏதோ ஓர் ஆறு. அவற்றில் முப்பத்தெட்டு ஏற்கெனவே காலி செய்யப்பட்டவை. முப்பத்தெட்டின் கீழிருந்த ஊற்றுகளும் ஒன்றிரண்டு ஆண்டு கழித்து நின்றுபோயிருந்தன. அங்கெல்லாம் 'பருவ மாற்றம்' என்று ஏட்டில் எழுதியிருந்தது. அந்த முப்பத்தெட்டில் ஐந்து ஊர்களின் படிவத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தது.

அவள் பட்டியலை எடுத்துக்கொண்டு தூவக்காட்டுக்குப் போனாள். செங்கமலம் முப்பத்தெட்டுப் பெயர்களையும் எழுத்துக்கூட்டி, ஒன்று விடாமல் படித்தாள்.

"இவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"என்ன?"

"ஆறு நின்னது இவங்க எறங்கினதாலதான்னு."

"தெரியாதுக்கா. யாருக்குமே தெரியாது."

"நீங்க மட்டும் போயிச் சொன்னா நம்பமாட்டாங்க," என்றாள் செங்கமலம். "நான் வர்றேன்."

முதல் ஊர் பனிவாசல். முந்நூறு கிலோமீட்டர் தெற்கே. ஒன்பது ஆண்டுக்கு முன் காலியானது. அதன் கீழே ஓடிய மஞ்சணத்தியாறு அடுத்த ஆண்டே நின்றுபோயிருந்தது. அதன் ஆட்கள் சமவெளியில் ஒரு தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் குடியிருப்பில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில், பொதுக்கூடத்தில் இருபது முப்பது பேர் கூடினார்கள். திலகேஸ்வரி பேசத் தொடங்கியதுமே ஒருவர் எழுந்தார். "நீங்கதான அன்னைக்கு ஒப்பு போட்டது? இப்பம் என்னத்துக்கு வந்திருக்கீய?" அவள் ஆமாம், நான்தான் என்றாள். மேலே பேச விடவில்லை. இரண்டு பேர் வெளியே போனார்கள்.

ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். முப்பிடாதி என்று பெயர். அவளுடைய கை தடித்து, விரல்கள் அகன்று இருந்தன. செங்கமலம் எழுந்து போய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் எழுவரை மலைங்க," என்றாள். "மழை விட்டதும் சேறு அடங்க விட்டுக் கல்லை எடுக்கறவங்க நாங்க. எங்களையும் எறக்கி விட்டாங்க. ஆறு நின்னுபோச்சு. திரும்ப ஏறினோம். வந்துருச்சு. சேராறு எங்களுது."

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க பலகை வெச்சு அடைப்போம்," என்றாள். குரல் கரகரத்தது. "முப்பது ஓடை. தெளிஞ்சதும் பலகையத் தூக்கிருவோம். அப்பம் மஞ்சணத்தியாறு…"

செங்கமலம் தலையை ஆட்டினாள்.

முப்பிடாதி ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். கூடத்தில் இருந்த எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"மஞ்சணத்தியாறு எங்க ஆறுல்லா!" என்றாள் உரக்க. பிறகு வாசலில் நின்ற மகளைப் பார்த்துச் சொன்னாள்: "ஏட்டி, வெளிய போனவுகளக் கூப்பிடு. மம்பட்டி யாரு வீட்டுல கெடக்குன்னும் கேளு."